பலவீனமும் சந்தேகமும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் வேதபாடம் எடுக்கிறேன். பாடம் முடிந்ததும் "ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் அமைதியாக இருப்பார்கள். ஜெபம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில் ஒருவர் பக்கத்தில் வந்து, "அக்கா, ஒண்ணு கேட்கலாமா?" என்று தாழ்ந்த குரலில் ஆரம்பிப்பார். ராத்திரி வாட்ஸ்அப்பில் கேட்கிறவர்களும் உண்டு. ஆள் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் மாறுவதில்லை. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இந்தச் சந்தேகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். வசனங்கள் நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை.

"பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்"னு வசனம் இருக்கே, அப்படின்னா என் பலவீனம் போயிடும்னு அர்த்தமா?

அந்த வசனம் அப்படிச் சொல்லவில்லை. 2 கொரிந்தியர் 12-ஆம் அதிகாரத்தில், தன் மாம்சத்தில் இருந்த ஒரு முள் நீங்கவேண்டும் என்று பவுல் அப்போஸ்தலர் மூன்று தரம் ஆண்டவரை வேண்டிக்கொண்டதாகக் கொரிந்து சபைக்கு எழுதுகிறார். முள் நீங்கவில்லை. அவருக்குக் கிடைத்த பதில்தான் "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்பது. சுவரில் மாட்டியிருக்கும் அட்டைகளில் இந்த வசனத்தை மட்டும் பார்க்கிறோம். கேட்டது கிடைக்காத ஒரு மனிதனுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை இது என்பது அட்டையில் இருக்காது.

இந்த நிருபம் கி.பி. 50-களின் நடுவில் எழுதப்பட்டது. கொரிந்து சபையில் சிலர் பவுலை மற்றப் பிரசங்கிகளோடு ஒப்பிட்டு, கடிதத்தில் மட்டும்தான் இவருக்குப் பலம், நேரில் பார்த்தால் பலவீனமான ஆள், பேச்சும் சுமார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பவுல் அதை மறுக்கவே இல்லை. ஆமாம், நான் பலவீனன்தான் என்று ஒப்புக்கொண்டு, அதே உடம்போடு பிரயாணம் பண்ணினார், சபைகளைக் கவனித்தார், எருசலேமின் ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்தார். பலம் விளங்கியது அந்த வேலைகளில். முள் கடைசிவரை முள்ளாகவே இருந்தது என்றுதான் தெரிகிறது.

அந்த முள் என்ன வியாதி?

பவுல் சொல்லவில்லை. கண் நோய், ஜுரம், விடாமல் வந்த எதிர்ப்பு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கலாத்தியர் 4-இல் தன் சரீர பலவீனத்தைப் பற்றி அவர் பேசுவதால் உடம்பு சம்பந்தப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். எதுவென்று தெரியாமல் இருப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றும். தெரிந்திருந்தால் அந்த ஒரு வியாதிக்காரர்கள் மட்டும் இந்த வசனத்தை எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கடவுள் உண்மையிலேயே இருக்காரான்னு சில நேரம் சந்தேகம் வருது. இது பாவமா, அக்கா?

சந்தேகம் மனதில் எழுவதைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். வேதத்தில் யாரெல்லாம் சந்தேகப்பட்டார்கள் என்று பாருங்கள். இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவான், சிறையில் இருக்கும்போது, "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?" என்று ஆள் அனுப்பிக் கேட்டார். ஆண்டவர் திட்டவில்லை. குருடர் பார்க்கிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் பிரசங்கிக்கப்படுகிறது என்று, நடந்துகொண்டிருப்பதை யோவானிடம் போய்ச் சொல்லச் சொன்னார். வந்தவர்கள் திரும்பிப்போன பிறகு, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் இல்லை என்று ஜனங்களிடம் சொன்னார். அந்தக் கேள்வியைக் கேட்ட அன்றைக்கே இந்தச் சாட்சி கிடைத்தது.

மத்தேயு 28:17-ஐயும் வாசியுங்கள். உயிர்த்தெழுந்தவரை மலையில் கண்டு சீஷர்கள் பணிந்துகொள்கிறார்கள். உடனே "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று இருக்கிறது. அடுத்து வருவது, நீங்கள் புறப்பட்டுப்போய்ச் சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள் என்ற கட்டளை. சந்தேகப்பட்டவர்களைத் தனியாகப் பிரித்து நிறுத்திவிட்டு அதைக் கொடுக்கவில்லை.

இயேசுவின் சீஷர் தோமாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, அவர் நம் ஊருக்கு வந்தவர் என்று பாரம்பரியம் சொல்கிறது. பரங்கிமலைக்கும் சாந்தோமுக்கும் போகிறவர்களுக்கு அந்தக் கதை தெரியும். அவரைச் "சந்தேகத் தோமா" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் யோவான் 20-இல் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. மற்றவர்கள் ஆண்டவரைக் கண்டோம் என்று சொல்லியும் நம்பாத தோமா, எட்டு நாளைக்குப் பிறகும் அவர்களோடுதான் வீட்டுக்குள் இருக்கிறார். நம்ப முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னார், கூட்டத்தை விட்டுப் போகவும் இல்லை. ஆண்டவர் வந்தபோது அவரிடமே நேராகப் பேசினார். சந்தேகம் இருக்கும் நாட்களில் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு இந்த எட்டு நாளைத்தான் காட்டுவேன்.

ஆனா யாக்கோபு 1:6-ல "சந்தேகப்படாமல்" கேட்கணும், இல்லன்னா ஒண்ணும் கிடைக்காதுன்னு தெளிவா போட்டிருக்கே?

போட்டிருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. யாக்கோபு அங்கே ஞானத்தைக் கேட்பது பற்றிப் பேசுகிறார். சந்தேகப்படுகிறவனைக் காற்றில் அடிபட்டு அலைகிற கடல் அலைக்கு ஒப்பிட்டு, இரண்டு வசனம் தள்ளி அவனை "இருமனமுள்ளவன்" என்கிறார். தேவனிடம் ஒரு கால், வேறெங்கோ ஒரு கால் வைத்துக்கொண்டு, கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் இன்னொரு இடம் என்று கேட்கிறவனைப் பற்றி அவர் பேசுவதாகவே நான் வாசிக்கிறேன். அதற்கு முந்தைய வசனத்திலேயே, தேவன் ஒருவரையும் கடிந்துகொள்ளாமல் எல்லாருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவர் என்றும் சொல்லியிருக்கிறார்.

மாற்கு 9-இல் வரும் தகப்பன் வேறு மாதிரி. சின்ன வயதிலிருந்து துன்பப்படும் மகனைக் கூட்டிவந்திருக்கிறார். சீஷர்களால் முடியவில்லை. "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்று இயேசுவிடம் இழுக்கிறார். விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும் என்று இயேசு சொன்னதும், கண்ணீரோடு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று சத்தமிடுகிறார். அவர் மனதிலும் இரண்டு இருந்தது. இரண்டையும் ஒரே ஆளிடம் கொண்டுவந்துவிட்டார். அவிசுவாசம் முழுக்க நீங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று இயேசு சொல்லவில்லை. பையன் அன்றைக்கே சுகமானான்.

ஜெபிக்க உட்கார்ந்தா வார்த்தையே வரல. எழுந்து போயிடுறேன். என்ன பண்றது?

வார்த்தை வராவிட்டால் மற்றவர்களுடைய வார்த்தையைக் கடன் வாங்குங்கள். சங்கீதங்கள் அதற்காகவே இருக்கின்றன. கர்த்தருடைய ஜெபத்தை மெதுவாக ஒரு தரம் சொல்லுங்கள், அன்றைக்கு அது போதும். தெரிந்த கீர்த்தனை ஒன்றின் ஒரு அடியை முணுமுணுத்தாலும் ஜெபம்தான். ஆராதனை முறைமையில் எழுதிவைத்திருக்கும் ஜெபங்களை வாசிப்பதைச் சிலர் குறைவாகப் பேசுவார்கள். மனம் மரத்துப்போன நாட்களில் அவை எவ்வளவு பேரைத் தாங்கியிருக்கின்றன என்று அவர்களுக்குத் தெரியாது.

ரோமர் 8:26-இல், ஆவியானவர் நமது பலவீனங்களில் உதவிசெய்கிறார் என்று சொல்லும்போது பவுல் எடுத்துக்கொள்ளும் பலவீனமே ஜெபிக்கத் தெரியாத பலவீனம்தான். "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" அவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார். நீங்கள் பெருமூச்சுவிட்டு எழுந்துபோன அந்த நேரத்திலும்.

இன்னொன்று, மற்றவர்களை உங்களுக்காக ஜெபிக்கவிடுங்கள். கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிவந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவன் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட இல்லை.

பெலன் தாரும்னு ஜெபிச்சேன். ஆனா எந்தப் பெலனும் வந்த மாதிரி தெரியல. கேட்கலையோ?

நான் அதிகம் யோசித்த கேள்வி இது. பெலன் வந்தால் மனம் லேசாகும், பயம் விலகும், உடம்பில் தெம்பு ஏறும் என்று எதிர்பார்க்கிறோம். சில நேரம் அப்படி நடக்கும். ஆனால் சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் என்ன நடந்தது என்று லூக்கா 22:43, 44-ஐ அடுத்தடுத்து வாசியுங்கள். வானத்திலிருந்து ஒரு தூதன் தோன்றி இயேசுவைப் பலப்படுத்தினான். அடுத்த வசனம்: அவர் மிகவும் வியாகுலப்பட்டு, அதிக ஊக்கத்தோடே ஜெபம்பண்ணினார், அவருடைய வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய்த் தரையில் விழுந்தது. வியாகுலம் அதிகமானது பலப்படுத்தப்பட்ட பிறகு! அந்தப் பெலன் அவருக்கு அமைதியைத் தரவில்லை. எழுந்து, தூங்கிக்கொண்டிருந்த சீஷர்களிடம் வந்து, யூதாஸ் வரும்போது ஓடாமல் நிற்க வைத்தது.

அதனால் பெலன் வந்ததா என்று மனநிலையை வைத்துப் பார்க்காதீர்கள். நேற்று அழுதுகொண்டே பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்து அனுப்பினீர்கள் இல்லையா? மாமியாரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்விட்டு வந்தீர்கள் இல்லையா? எப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை என்று நீங்களே என்னிடம் சொன்னீர்கள். கேட்ட ஜெபத்துக்குப் பதில் அங்கே இருந்தது என்று நான் நம்புகிறேன்.

"உனக்கு விசுவாசம் பத்தல, அதான் சுகம் வரல"ன்னு ஜெபிக்க வந்தவங்க சொல்லிட்டுப் போயிட்டாங்க. உண்மையா?

இல்லை. இதைச் சொல்லி நோயாளியின் தலைமாட்டில் ஒரு பாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் போகிறவர்கள்மேல் எனக்குக் கோபமே வரும். எத்தனையோ அற்புதங்கள் நடந்த பவுலின் ஊழியத்தில், "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று ஒரு வரி இருக்கிறது (2 தீமோத்தேயு 4:20). யாருடைய விசுவாசக் குறைவு அது? பவுலுடையதா, துரோப்பீமுவுடையதா? பவுல் அந்தக் கேள்விக்குள் போகவே இல்லை. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு. அதற்கு அவர் எழுதியது, கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்ற ஆலோசனை. எப்பாப்பிரோதீத்து சாகும் தறுவாயிலிருந்து பிழைத்தபோது, தேவன் அவனுக்கு இரங்கினார் என்று எழுதினார். அவனுடைய விசுவாசத்தின் அளவைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள். பிறகு வாய் திறந்து, நீ ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறாய் என்று காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது அவர்கள்மேல். அவரோடு வழக்காடி, கேள்வி கேட்டு, சலித்துக்கொண்ட யோபுதான் நிதானமாய்ப் பேசினான் என்றார் (யோபு 42:7).

சுகத்துக்காக ஜெபிக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜெபிக்கிறேன், சுகமானவர்களைப் பார்த்தும் இருக்கிறேன். சுகம் வராதவரின் வீட்டுக்குப் போய் அவர்மேலேயே பழிபோடுவதைத்தான் நிறுத்தவேண்டும்.

மனசு சம்பந்தமா மாத்திரை சாப்பிடுறேன். இது விசுவாசக் குறைவா? நிறுத்திடணுமா?

நிறுத்தக் கூடாது. டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடாதீர்கள். வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜா பிழைப்பான் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்த பிறகும், அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போட ஏசாயா சொன்னார். பவுலோடு பிரயாணம் பண்ணிய லூக்கா ஒரு வைத்தியர்.

எலியாவின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், 1 இராஜாக்கள் 19. கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி. அதன்பின், கொல்லுவேன் என்று மிரட்டிய யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். தூதன் வருகிறான். பிரசங்கம் இல்லை, விசுவாசம் எங்கே போயிற்று என்ற கேள்வி இல்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். தின்று, குடித்து, திரும்பவும் படுத்துக்கொள்கிறான் எலியா. தூதன் மறுபடி வந்து தட்டி எழுப்பி, நீ போகவேண்டிய தூரம் அதிகம், சாப்பிடு என்கிறான். தூக்கமும் சாப்பாடும் ஆனபிறகுதான் ஓரேப் மலைக்குப் பிரயாணம். அங்கே போனபிறகுதான் மெல்லிய சத்தம். அவனுக்குத் துணையாக எலிசாவையும் கர்த்தர் காட்டிக்கொடுத்தார். உடம்பையும் மனதையும் படைத்தவருக்கு எதை முதலில் கவனிக்கவேண்டும் என்று தெரியும்.

எலியா மாதிரி சாகவேண்டும் என்ற நினைவு உங்களுக்கு வருகிறதென்றால், இதைப் படித்து முடிக்கக் காத்திருக்காமல் வீட்டில் ஒருவரிடம் இப்போதே சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அப்படி நினைத்ததற்காகத் தேவன் எலியாவைத் தள்ளிவிடவில்லை.

"நம்ம தாங்குற அளவுக்குத்தான் ஆண்டவர் கொடுப்பார்"னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குத் தாங்குறதுக்கு மேலதானே வந்திருக்கு?

உங்களுக்குத் தோன்றுவது சரிதான். எல்லாரும் சொல்லும் அந்த வாக்கியம் 1 கொரிந்தியர் 10:13-இலிருந்து வந்தது. "உங்கள் திராணிக்கு மேலாக" சோதிக்கப்பட இடங்கொடார் என்ற வசனம். அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தால், விக்கிரகாராதனை, வேசித்தனம், முறுமுறுப்பு போன்றவற்றில் விழத் தூண்டும் சோதனையைப் பற்றிப் பேசுகிறது என்று தெரியும். தப்பிக்கொள்ள ஒரு வழி இருக்கும் என்று வாக்குக் கொடுக்கிறது. எந்தத் துக்கமும் உன் அளவுக்கு மேல் வராது என்று அது சொல்லவில்லை.

சொல்லவும் முடியாது. அதே பவுல் அதே கொரிந்தியருக்கு எழுதிய அடுத்த நிருபத்தின் முதல் அதிகாரத்தில், ஆசியாவில் "எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம்" வந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று எழுதுகிறார். எங்கள்மேல் நம்பிக்கை வைக்காமல், மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் நம்பிக்கை வைக்கக் கற்றுக்கொண்டோம் என்றும் சொல்கிறார். புருஷனை அடக்கம் பண்ணிவிட்டு வந்த வீட்டில் போய், தாங்குற அளவுதான் கொடுப்பார் என்று யாரும் சொல்லவேண்டாம். கூட உட்கார்ந்திருங்கள்.

"எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு"ன்னு எழுதி வச்சுத்தான் என் மகன் படிச்சான். நீட்ல வரல. இப்ப வசனத்து மேலயே வெறுப்பா இருக்கான்.

அவனிடம் பிலிப்பியர் 4:13-ஐத் தனியாக வாசிக்காமல் 11-லிருந்து 14 வரை வாசிக்கச் சொல்லுங்கள். பவுல் காவலில் இருந்துகொண்டு எழுதுகிறார். தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் தெரியும் என்ற பிறகுதான் அந்த வசனம் வருகிறது. நினைத்ததெல்லாம் முடியும் என்ற வாக்கு அது அல்ல. நினைத்தது முடியாத நாளிலும் நிற்கமுடியும் என்பது. ஆகவே பரீட்சைக்கு முன்னால் இருந்ததைவிட, ரிசல்ட் வந்த இப்போதுதான் அது அவனுக்கு அதிகம் பொருந்தும்.

அடுத்த வசனத்தில் பவுல், "ஆனாலும்" என்று தொடங்கி, நீங்கள் என் உபத்திரவத்தில் பங்கெடுத்தது நல்ல காரியம் என்று பிலிப்பியருக்கு நன்றி சொல்கிறார். அவர்கள் எப்பாப்பிரோதீத்துவிடம் உதவி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கிறிஸ்துவினால் பெலன் உண்டு என்று சொன்ன கையோடு மனிதர் செய்த உதவியையும் வாங்கிக்கொள்கிறார். உங்கள் மகனுக்கு இப்போது வேண்டியது, அடுத்து என்ன படிக்கலாம் என்று பொறுமையாகப் பேசக்கூடிய ஒரு மாமாவோ சித்தப்பாவோ. அதுவும் அந்த வசனத்துக்குள் அடக்கம்.

புது வருஷ ஆராதனையில எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில ஆசீர்வாதம்னு இருந்தது. அந்த வருஷம்தான் அம்மா இறந்தாங்க. வாக்கு பொய்யா?

அட்டையை எடுக்கும் வழக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். நள்ளிரவு ஆராதனையில் கை நடுங்க அதை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு கட்டு அட்டையிலிருந்து உங்கள் கைக்கு வந்த வசனம், அந்த வருஷத்துக்கான ஜாதகம் ஆகிவிடாது. வசனம் யாருக்கு, எந்த நிலைமையில் சொல்லப்பட்டது என்று பார்க்காமல் நம் வருஷத்தின்மேல் ஒட்டினால் இந்த வேதனைதான் வரும்.

அட்டைகளில் பெரும்பாலும் அச்சாகாத வாக்கு ஒன்று உண்டு: "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு, ஆனாலும் திடன்கொள்ளுங்கள், நான் உலகத்தை ஜெயித்தேன்" (யோவான் 16:33). அம்மாவை இழந்த வருஷத்திலும் இது பொய்யாகவில்லை.

நான் பலவீனம்தான்னு சொல்லிட்டு ஒரே பாவத்துல திரும்பத் திரும்ப விழுறேன். "கிருபை போதும்"னு இருந்துடலாமா?

இருந்துவிட முடியாது. முதல் பதிலில் சொன்ன பவுலின் முள், அவர் செய்த பாவம் அல்ல, அவர்மேல் வந்த துன்பம். கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைநிற்கலாமா என்ற கேள்விக்கு ரோமர் 6-இல் அவரே, கூடாதே என்கிறார். துன்பத்துக்குச் சொன்ன வசனத்தை எடுத்துப் பாவத்துக்குப் போர்வை ஆக்கக் கூடாது.

ஆனால் விழுந்தவுடன், இனி ஆண்டவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று ஜெபத்தையும் சபையையும் விட்டுவிடுகிறீர்களே, அதுவும் தப்பு. இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலிக்கும் முன்பே, உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன் என்று இயேசு சொல்லிவிட்டார். நீ திரும்பினபின் உன் சகோதரரை ஸ்திரப்படுத்து என்று அடுத்த வேலையையும் கொடுத்துவிட்டார். குடிப்பழக்கமோ ஆபாசப் படமோ, தனியாகப் போராடினால் தோற்பது வழக்கம். ஒருவரிடம் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள், சிகிச்சை வேண்டுமானால் போங்கள். வெட்கத்தைப் பார்த்தால் வருஷங்கள் போய்விடும்.

வீட்டுக்காரர் அடிக்கிறார். "பொறுத்துக்கோ, பலவீனத்துலதான் கிருபை"ன்னு பெரியவங்க சொல்றாங்க.

அடியை வாங்கிக்கொண்டு இருக்கும்படி அந்த வசனம் யாருக்கும் சொல்லவில்லை. 2 கொரிந்தியர் 12-க்கு ஒரு பக்கம் முன்னால், 11-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களைப் பாருங்கள். என் பலவீனத்தைக் குறித்து மேன்மைபாராட்டுவேன் என்று சொல்லிவிட்டு, பவுல் உடனே ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். தமஸ்குவில் தன்னைப் பிடிக்கக் காவல் வைத்திருந்தபோது, ஒரு கூடையில் உட்காரவைத்து, ஜன்னல் வழியாக மதிலிலிருந்து இறக்கிவிடப்பட்டுத் தப்பியதை. உயிருக்கு ஆபத்து வந்தபோது அவர் தப்பித்தார், கூடையைப் பிடித்து இறக்க ஆட்களும் இருந்தார்கள். அதைத்தான் தன் பலவீனக் கணக்கில் எழுதுகிறார். தப்பிப்போவது விசுவாசக் குறைவு என்று உங்களுக்குச் சொன்னவர்கள் அந்தப் பக்கத்தை வாசித்திருந்தால் நன்றாயிருக்கும்.

181 என்பது பெண்களுக்கான உதவி எண். அம்மா வீட்டுக்கோ, நம்பிக்கையான ஒருவர் வீட்டுக்கோ போங்கள். எங்கள் வீட்டுக் கதவையும் தட்டலாம். பாதுகாப்பான இடத்துக்கு வந்தபிறகு ஜெபிப்போம், யோசிப்போம்.

பலவீனத்துல பெலன்னு சொன்னா எல்லாரும் மிஷனரிங்க கதையைத்தான் சொல்றாங்க. நான் சாதாரண ஆள், எனக்கு அது எப்படிப் பொருந்தும்?

அந்தக் கதைகளை நாம் சொல்லும் விதம்தான் இடிக்கிறது. டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் ஒரு குழியில் தவறி விழுந்தார். 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலும் படுக்கையிலுமே இருந்தார். படுக்கையில் இருந்தபடியே புத்தகங்கள் எழுதினார் என்பதைச் சொல்கிறோம். ஏறக்குறைய 20 ஆண்டு வலி தீரவில்லை என்பதை வேகமாகத் தாண்டிவிடுகிறோம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அப்போது அவருக்கு வயது 30-கூட ஆகவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, வேலூரில் அந்தத் துறையைக் கட்டியெழுப்பினார். 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருக்குக் கால் திரும்பவில்லை. உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலையைக் காட்டிய டாக்டர் பால் பிராண்ட், பயிற்சி கொடுத்தவர்கள், நாற்காலியைத் தள்ளியவர்கள் எல்லாரும் கூட இருந்தார்கள். உங்களுக்குப் பொருந்துவது அந்தப் பகுதி என்று நினைக்கிறேன். பத்மஸ்ரீ வராவிட்டால் பரவாயில்லை.

இதையெல்லாம் சபையில சொன்னா என்ன நினைப்பாங்க? யார்கிட்டதான் சொல்றது?

எல்லாரிடமும் சொல்லவேண்டியதில்லை. இயேசுவே கெத்செமனேயில் கூட வந்த பதினொரு பேரிடமும் மனம் திறக்கவில்லை. மூன்று பேரை மட்டும் தள்ளிக் கூட்டிப்போய், "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சொல்லி, தன்னோடு விழித்திருக்கக் கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு. அவருக்கே துணை தேவைப்பட்டது என்றால் நமக்கு வெட்கம் எதற்கு?

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பதவியைப் பார்க்காதீர்கள். மற்றவர் கதையை உங்களிடம் சொல்லாதவராகப் பாருங்கள். உங்கள் கதையையும் வெளியே சொல்லமாட்டார். சாட்சி நேரத்தில் ஜெயித்த கதைகள் மட்டுமே கேட்கும் சபையில், தோற்றுக்கொண்டிருக்கிறவர்கள் பின்வரிசையில் ஒளிந்துகொள்கிறார்கள். "இன்னும் தீரல, ஜெபிச்சுக்கோங்க" என்று ஒருவர் எழுந்து சொன்னால் அதையும் சாட்சியாகக் கேட்டுக்கொள்ளும்படி ஊழியக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சாகுற வரைக்கும் இந்த இருட்டு போகலன்னா? அப்ப என் விசுவாசம் செத்துப்போச்சுன்னு அர்த்தமா?

அன்னை தெரேசா இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2007-இல் அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் வெளிவந்தன. ஏறக்குறைய 50 ஆண்டுகள் தேவன் தன்னோடு இல்லாதது போன்ற இருட்டில் இருந்ததாக ஆன்மகுருக்களுக்கு எழுதியிருந்தார். அந்த ஆண்டுகளில்தான் கல்கத்தாத் தெருக்களில் செத்துக்கொண்டிருந்தவர்களைத் தூக்கிவந்து கழுவினார். கடிதங்கள் வெளிவந்த பிறகு சிலர் அதிர்ந்தார்கள், அவர் நடித்தார் என்றுகூடச் சிலர் பேசினார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கூட இருப்பதாக உணரவே முடியாத தேவனிடம் தினமும் காலையில் எழுந்து ஜெபித்துவிட்டு வேலைக்குப் போனவரை விசுவாசம் செத்தவர் என்று எப்படிச் சொல்வது?

88-ஆம் சங்கீதத்தையும் வாசியுங்கள். மற்றச் சங்கீதங்கள் அழுகையில் தொடங்கினாலும் பெரும்பாலும் துதியிலோ நம்பிக்கையிலோ முடியும். இது அப்படித் திரும்புவதே இல்லை. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று அப்படியே நின்றுவிடுகிறது. ஆனால் முதல் வரி "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிடுகிறது. கடைசிவரை பேச்சு அவரிடம்தான். யாரும் அதற்கு ஒரு நல்ல முடிவை எழுதிச் சேர்க்காமல், அப்படியே வேதத்தில் வைத்திருக்கிறார்கள். இருட்டு போகாத நாட்களில் அதைச் சத்தமாக வாசியுங்கள். தனியாக வாசிக்க முடியாவிட்டால் கூப்பிடுங்கள், ஃபோனிலேயே சேர்ந்து வாசிப்போம்.